அடை வச்ச ஞாயிறு

2024 ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் இருந்தப்ப, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊட்டியில எங்க பங்குக் கோயில்ல ஒரு கூட்டம் போட்டாங்க. அன்னிக்கு நான் பேசுன பேச்சு இன்னிக்கு வரைக்கும் உள்ள உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதினாத்தான் கொஞ்சம் அடங்கும்னு தோணுது, அதனால எழுதுறேன். விஷயம் சின்னதுதான். இளைஞர் குழுப் பசங்க நாலஞ்சு பேரு வந்து, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் மறைக்கல்விப் பிள்ளைங்களுக்கு ஒரு எக் ஹண்ட் வைக்கலாமான்னு கேட்டாங்க. கோயில் தோட்டத்துல ஹைட்ரேஞ்சா செடிங்களுக்கு அடியில கலர் பேப்பர் சுத்துன சாக்லேட் முட்டையை ஒளிச்சு வைக்கிறது, பிள்ளைங்க கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடி ஓடித் தேடுறது, அவ்வளவுதான். ஊட்டியில சாக்லேட்டுக்கு என்ன பஞ்சம், சேரிங் கிராஸ்ல ஒரு கடையில பேசி வச்சிருக்கோம், நூத்தம்பது முட்டை, விலையும் குறைச்சுத் தர்றாங்கன்னு சொன்னாங்க. பசங்க முகத்துல அவ்வளவு ஆசை.

நான் எந்திரிச்சேன். பதினாறு வருஷமா மறைக்கல்வி எடுக்கிறவ, அந்த உரிமையில பத்து நிமிஷம் பேசினேன். முயலும் முட்டையும் பைபிள்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டேன். நமக்கு ஈஸ்டர்னா பெரிய வெள்ளி கண்ணீரு, சனிக்கிழமை ராத்திரி புது நெருப்பு, பாஸ்கா திரிங்கிற அந்தப் பெரிய மெழுகுவத்தி, இருட்டுக்குள்ள ஒவ்வொரு கையா மெழுகுவத்தி பத்திக்கிட்டு வர்ற அந்த வெளிச்சம், இதெல்லாம் இருக்கும்போது எவனோ எங்கேயோ விக்கிற மிட்டாயை எதுக்கு உள்ள கொண்டு வரணும்னு கேட்டேன். இந்த மலைக்கு ஈஸ்டரே வெள்ளைக்காரன் கூடத்தான் ஏறி வந்துச்சு, செயின்ட் ஸ்டீபன்ஸ் கோயிலை 1831 ஏப்ரல் 3, ஒரு ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்குத்தான் ஜனங்களுக்குத் திறந்து விட்டாங்க, அதோட உத்திரமெல்லாம் சீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து பேத்து எடுத்துட்டு வந்த மரம், அந்தக் காலத்துல அவங்க வச்ச பழக்கம்லாம் அவங்களோட போச்சு, இப்ப ஹோட்டல்காரங்க ஈஸ்டர் பிரஞ்ச்னு போர்டு வச்சு மறுபடி கொண்டு வர்றாங்க, நாமளும் அதுக்குப் பின்னாடி ஓடணுமான்னு கேட்டேன். கை தட்டினாங்க. ஃபாதர் சிரிச்சுக்கிட்டே, சரி, டீச்சர் சொல்றது நியாயம்தான்னு முடிச்சிட்டார். பசங்க ஒண்ணும் பேசல.

வெளிய வந்து படியில நின்னு செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன், எனக்கு முன்னப்பின்ன தெரியாத ஒரு வயசான அம்மா, கம்பளிச் சால்வையை நல்லாப் போத்திக்கிட்டு, கையில குடையோட பக்கத்துல வந்து நின்னாங்க. "டீச்சரு, நீங்க கொளப்பள்ளி லைன்ல பொறந்த புள்ளையாமே?" ஆமாங்கம்மான்னேன், லைன்னா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு. "நானும் அந்தப் பக்கந்தான். மவ வீட்டுக்கு வந்திருக்கேன். ஏம்மா, நம்ம லைன்ல முட்டை இல்லாத ஈஸ்டர் எப்பம்மா இருந்துச்சு?" அவ்வளவுதான் கேட்டாங்க. கோபமா இல்ல, நெசமாவே தெரியாம கேக்குற மாதிரி. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்க மவ வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் ஒத்தக் கால்ல செருப்போட அப்படியே நின்னுட்டேன், ஏன்னா அந்த நிமிஷம் எனக்கு எங்க அப்பாயியோட கை ஞாபகம் வந்துச்சு, கட்டை விரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் அடுப்புக்கரி ஒட்டின கை.

அப்பாயியோட கணக்கு

சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுது. 1964ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்களும் கையெழுத்துப் போட்டாங்க, அஞ்சேகால் லட்சம் பேரு இந்தியாவுக்குன்னு எழுதியாச்சு, அந்தக் கணக்குல ஒரு ஓரத்துல எங்க அப்பாயியும் தாத்தாவும் எங்கப்பாவும் அத்தைங்களும். ஹட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்து, தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்ல கெடந்து, கடைசியா பந்தலூர்ப் பக்கம் டேன்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துல லைன் வீடு. இதெல்லாம் நீலகிரியில ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டுல கேக்கக்கூடிய கதை, அதனால நீட்டல. ஒண்ணு மட்டும் சொல்லணும், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னிக்கு இலங்கைக் கோயில்கள்ல குண்டு வெடிச்ச செய்தி வந்தப்ப, எங்க சொந்தக்காரங்க யாரும் அந்தக் கோயில்கள்ல இல்லைன்னு தெரிஞ்சுக்கிற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு எரியல. அதுக்கப்புறம் எல்லா ஈஸ்டர் காலையிலயும் முதல் போன் ஹட்டனுக்குத்தான்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து நோன்பை அப்பாயி ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு), சுத்தபோசனம் (கறி இல்லாத சாப்பாடு)னு பழைய வார்த்தையிலதான் சொல்லும். இன்னிக்கு திருச்சபைச் சட்டப்படி பாத்தா தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் நோன்பு, வெள்ளிக்கிழமைகள்ல கறி கிடையாது, அவ்வளவே. அப்பாயிக்கு அது பத்தாது. சாம்பல் புதன்ல இருந்து கறி, மீன், கருவாடு, முட்டை எதுவும் எங்க வீட்டு வாசப்படி தாண்டாது. ஆனா கோழிக்கு யாரு தவக்காலம் சொல்லிக் குடுக்குறது? அது பாட்டுக்குப் போடும். அதுலயும் பனி விட்டு மார்ச் பொறந்ததும் நல்லாவே போடும். நாலு கோழி இருந்துச்சு, தினம் ரெண்டு மூணு முட்டை. முதல் ரெண்டு வார முட்டையை அப்பாயி எங்களுக்குக் குடுக்காம, அதே லைன்ல மூணாவது வீட்டுல இருந்த முனியம்மன் கும்பிடுற குடும்பத்துல மாசமா இருந்த அக்காவுக்குக் குடுத்துரும், மிச்சத்தைத் தோட்டத்துக் கடையில போட்டு வர்ற காசை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல சேத்து வைக்கும். நான் சின்னப் புள்ளையா ஒருநாள் முட்டைக்கு அழுதிருக்கேன். "நாப்பது நாளு, அது ஓடிரும்"னு சொன்னது ஞாபகம் இருக்கு.

மூணாவது வாரத்துல இருந்து கணக்கு மாறும். அதுக்கப்புறம் போடுற முட்டையெல்லாம் தவிடு போட்ட சட்டியில சேரும். தவக்காலத்து நாலாவது ஞாயிறு சாமியார் ஊதாவை விட்டுட்டு ரோஸ் கலர் உடுப்புல பூசை வைப்பாரு இல்ல, அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பாயி கோழியை அடை வைக்கும். ஏன் அந்த ஞாயிறுன்னு அப்ப எனக்குத் தெரியாது. கோழி அடை காக்க 21 நாள். நாலாவது ஞாயித்துல இருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் எண்ணிப் பாருங்க, சரியா 21 நாள். அப்பாயிக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது, கைநாட்டுத்தான். ஆனா நிலாவைப் பாத்தே ஈஸ்டர் எப்பன்னு ஏறக்குறையச் சொல்லிடும். லைன்ல முருகன் கோயில்ல பங்குனி உத்திரத்துக்குக் காவடி கட்ட ஆரம்பிச்சா நம்ம பெரிய வாரம் பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம்னு சொல்லும், பல வருஷம் அது சரியாவே இருக்கும். 325ல நைசியாங்கிற ஊருல ஆயர்கள் கூடி ஈஸ்டர் தேதியை எல்லா ஊருக்கும் ஒண்ணாக்கணும்னு பேசினாங்க, வசந்தத்துல பகலும் ராத்திரியும் சமமாகிற நாளுக்கு அப்புறம் வர்ற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுன்னு அது நிலைச்சுது. அதே பௌர்ணமியைத்தான் அப்பாயி லைன் வீட்டு வாசல்ல உக்காந்து பாத்துச்சு.

அடை வைக்கிறதை நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். மூங்கில் கூடை, அடியில சாம்பல், மேல காஞ்ச புல்லு. ஒத்தப்படையிலதான் முட்டை வைக்கணும், பதினொண்ணு. கூடையில ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ரெண்டு காஞ்ச மிளகா போடும், இடி இடிச்சா முட்டை கூமுட்டையாப் போயிடுமாம், அதுக்குக் காவல். பங்குனி சித்திரையில எங்க பக்கம் கோடை இடி பலமா இருக்கும். அந்த மழை விழுந்தாத்தான் காப்பிச் செடி பூக்கும், லைன் முழுக்க மல்லிகை மாதிரி ஒரு வாசனை, என்னோட மூக்குக்குத் தவக்காலம்னா இன்னிக்கும் அந்தக் காப்பிப்பூ வாசனைதான். அப்புறம் அப்பாயி அடுப்புல இருந்து ஆறின கரித்துண்டு ஒண்ணை எடுத்து, ஒவ்வொரு முட்டையா விளக்கு வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, ரெண்டு பக்கமும் ஒரு சிலுவை போடும். சின்னதா, கூட்டல் குறி மாதிரி. மத்த கோழிங்க வந்து அதே கூடையில புதுசா முட்டை போட்டுட்டா எது அடை முட்டை, எது புது முட்டைன்னு அடையாளம் தெரியணும், அதுக்குத்தான் கரிக்கோடு, இந்து வீடுகள்லயும் கோடு போடுவாங்க. அப்பாயி கோட்டைச் சிலுவையாப் போட்டுச்சு. ரெண்டு பக்கம் எதுக்குன்னு கேட்டேன், கோழி முட்டையைத் திருப்பிப் போடும்ல, எந்தப் பக்கம் மேல இருந்தாலும் நமக்குத் தெரியணும்னு சொல்லுச்சு.

இதைத்தான் நான் மறந்திருந்தேன். பத்து நிமிஷம் மைக்கப் பிடிச்சு, முட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டவ.

அங்கங்க என்ன பண்றாங்க

அன்னிக்கு ராத்திரியில இருந்து நான் படிக்க ஆரம்பிச்சேன். தப்பாப் பேசிட்டோம்னு தெரிஞ்சா எங்க தப்புன்னு தெரிஞ்சாகணும், என் சுபாவம் அப்படி. முயல் கதை நெசமாவே ஜெர்மன்காரங்களோடது, 1682ல ஃப்ராங்கெனாவ்ங்கிற ஒரு டாக்டர் ஈஸ்டர் முட்டைகளைப் பத்தி எழுதுனப்ப, முயல் முட்டையைத் தோட்டத்துல ஒளிச்சு வைக்கும், பிள்ளைங்க தேடும்னு ஒரு வழக்கத்தைச் சொல்லியிருக்காரு. அங்க இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறினவங்க அதைக் கையோட கொண்டு போனாங்க. சாக்லேட் முட்டை இங்கிலாந்துல 1873ல ஃப்ரை கம்பெனி போட்டது, ரெண்டு வருஷம் கழிச்சு கேட்பரி. இதெல்லாம் நான் சொன்னதுக்குத் தோதாத்தான் இருந்துச்சு. ஆனா சாக்லேட்டுக்கும் முயலுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே வெறும் கோழிமுட்டை இருக்கு. 1290ல இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டோட வீட்டுக் கணக்குல ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கி வண்ணம் பூச 18 பென்ஸ் செலவுன்னு எழுதியிருக்கு. ஏன் முட்டைன்னு தேடினா, விடை எங்க வீட்டுத் தவிட்டுச் சட்டியில இருக்கு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல தவக்காலத்துல கறி மட்டும் இல்ல, பாலும் வெண்ணெயும் முட்டையும்கூடக் கூடாது. கோழி கேக்குமா? போட்டுக்கிட்டே இருக்கும். நாப்பது நாள் முட்டை வீட்டுல குவியும். அதை வேக வச்சு, கலர் போட்டு, கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி மந்திரிச்சு, ஈஸ்டர் அன்னிக்குத்தான் முதல் வாய். பண்டிகைக்காக யாரும் முட்டையைத் தேடிப் போகல, நோன்பு சேத்து வச்சதுதான் பண்டிகையாச்சு.

இதைப் படிச்சதும் ஒவ்வொரு ஊரு ஈஸ்டரும் எனக்கு வேற மாதிரித் தெரிய ஆரம்பிச்சுது. போலந்துல பெரிய சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு கூடை, வெள்ளைத் துணி விரிச்சு முட்டை, ரொட்டி, உப்பு, கறி எல்லாம் வச்சு கோயிலுக்குக் கொண்டு போயி மந்திரிச்சு வாங்கிட்டு வர்றாங்க. ஞாயிறு காலையில மந்திரிச்ச முட்டையைத் துண்டு போட்டு வீட்டுல இருக்கிற எல்லாரும் பகிர்ந்துக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்துச் சொல்லிட்டுத்தான் சாப்பாடே. உக்ரைன்ல மெழுகை உருக்கி முட்டை மேல கோலம் போடுறாங்க, சாயத்துல முக்குறாங்க, திரும்ப மெழுகு, திரும்ப சாயம், கடைசியில மெழுகை உருக்கித் துடைச்சா ஒவ்வொரு கோடா வெளிய வருது. கிரேக்கத்துல பெரிய வியாழன் அன்னிக்கு முட்டைக்கு சிவப்புச் சாயம், கிறிஸ்துவோட ரத்தம்னு. சனிக்கிழமை நடுராத்திரி "கிறிஸ்தோஸ் அனேஸ்தி" (கிறிஸ்து உயிர்த்தார்)னு ஒருத்தர் சொல்ல, "அலிதோஸ் அனேஸ்தி" (மெய்யாவே உயிர்த்தார்)னு மத்தவர் சொல்லி, முட்டையோட முட்டையை மோதுறாங்க, ஓடு உடையறது கல்லறை திறக்கிறது. பிரான்ஸ்ல பெரிய வியாழனோட கோயில் மணியெல்லாம் ரோமுக்குப் பறந்து போயிடுச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்வாங்களாம், ஈஸ்டர் அன்னிக்குத் திரும்பி வரும்போது மணி முட்டையைக் கொட்டிக்கிட்டே வருமாம். இதைப் படிக்கிறப்ப எனக்கு மேல் சிலிர்த்துச்சு, ஏன்னா எங்க கோயில்லயும் வியாழக்கிழமை உன்னதங்களிலே பாடும்போது கணகணன்னு அடிச்ச மணி அதோட நின்னுடும், சனிக்கிழமை ராத்திரி அதே பாட்டு வர்ற வரைக்கும் பீடச்சிறுவன் கையில மரக்கட்டைதான், கட கடன்னு. பிள்ளைங்க வருஷா வருஷம் மணி ஏன் அடிக்கலன்னு கேப்பாங்க, நான் துக்கம்னு சொல்லி முடிச்சிருவேன். ரோமுக்குப் போயிருக்குன்னு சொல்ல எனக்குத் தோணினதே இல்ல.

இவ்வளவு தூரம் போகவே வேணாம். எங்க லைனுக்கு மேல ரோட்டோரம் திருவிதாங்கூர்ல இருந்து வந்து குடியேறின மலையாளக் குடும்பங்க இருந்தாங்க, சிரியன் கிறிஸ்தவங்க. அவங்களுக்கு அம்பது நோம்பு. பெரிய வியாழன் ராத்திரி அவங்க வீட்டுல பெசஹா அப்பம், புளிக்க வைக்காத மாவு, மேல குருத்தோலையில ஒரு சிலுவை, கூட வெல்லமும் தேங்காப்பாலும் சேத்துக் காய்ச்சின பால். வீட்டுப் பெரியவரு ஜெபம் சொல்லி அப்பத்தைத் துண்டு போட்டு வயசு வரிசையில குடுப்பாரு, கீழ ஒரு துளி சிந்தக் கூடாது. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுல அப்பம் சுட மாட்டாங்க, சொந்தக்காரங்க கொண்டாந்து குடுப்பாங்க. பெரிய வெள்ளி அவங்க கோயில்ல குடிக்கக் கசப்புத் தண்ணி தருவாங்க, எங்க கோயில்ல கஞ்சி. ஒரே ரோடு, ஒரே சாமி, ரெண்டு ராத்திரியும் வேற வேற. ஆனா ஞாயிறு விடிஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே கறி வாசம்தான் வரும்.

பிலிப்பைன்ஸ்ல விடியறதுக்கு முன்னாடி உயிர்த்த ஏசு சுரூபமும் கறுப்புத் துணி மூடின மாதா சுரூபமும் ஊருக்கு ரெண்டு பக்கத்துல இருந்து வந்து சந்திக்கிற பவனி, தேவதை வேஷம் போட்ட ஒரு சின்னப் பொண்ணு மாதாவோட முக்காட்டை எடுத்து விடுறதுன்னு இன்னும் எத்தனையோ இருக்கு, எல்லாத்தையும் இங்க சொல்லி முடியாது. என்னை நிறுத்தினது எத்தியோப்பியா. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சிஸ்டர் அங்க ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ஊட்டிக்கு ஓய்வுக்கு வந்தவங்க, அவங்ககிட்ட ஒருநாள் பேசிக்கிட்டு இருந்தேன். அங்க ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு 55 நாள் நோன்பு, கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது, கறிக்கடைகள்லாம் மூடிருவாங்களாம். சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கோயில்ல நின்னு, விடியறதுக்கு வெகு நேரம் முன்னாடி வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்புல முழு முட்டையை வேக வச்சுப் போட்டு இஞ்சேராங்கிற அவங்க ஊரு தோசையோட சாப்பிட்டு நோன்பை விடுவாங்களாம். சிஸ்டர் சொன்னாங்க, "முதல் தடவை என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அந்த வீட்டுப் பாட்டி அந்த முட்டையைக் கையில எடுத்து உடனே சாப்பிடல. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் அன்னிக்கு முந்தின நாள்தான் ஆம்லெட் சாப்பிட்டிருந்தேன், எனக்கு என் தட்டுல இருந்த முட்டை வெறும் முட்டைதான்."

என் தப்பு எங்கன்னு அந்த இடத்துல எனக்குப் புரிஞ்சுது. முட்டை வெளிநாட்டுதுன்னு சொன்னேன், அது பொய். ஆனா பசங்க கேட்ட எக் ஹண்ட்ல எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ ஒட்டலைன்னு தோணினது பொய் இல்ல. அதுக்கு நான் சொன்ன காரணம்தான் தப்பு. நாப்பது நாள்ல ஒருநாள்கூட முட்டையை விடாத பிள்ளைக்கு, எந்தக் கலர் பேப்பர் சுத்திக் குடுத்தாலும் அது எப்படி ஈஸ்டர் முட்டை ஆகும்? அதைப் பிள்ளைங்க மேல போட முடியாது. அந்த வருஷம் தவக்காலம் பூரா நான் என் பிள்ளைக்கு ஸ்கூல் டிபன்ல முட்டைப்பொரியல் கட்டிக் குடுத்திருக்கேன். ஒருசந்தின்னா என்னன்னு பதினாறு வருஷத்துல என் வகுப்புல ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லித் தந்தது கிடையாது. எங்களுக்கு ஈஸ்டர் காலையில அப்பாயி ஒரு முட்டையை அவிச்சு, தையல் நூலைப் பல்லுல கடிச்சு இழுத்துப் பிடிச்சு, அந்த நூலால முட்டையை நாலா அறுத்து, நாலு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு குடுக்கும். கத்தி பட்டா மஞ்சள் ஒட்டிக்கும், நூலுன்னா சுத்தமா அறும். அந்தக் கால் முட்டையோட ருசி எனக்கு இன்னும் நாக்குல இருக்கு. போலந்துக்காரன் பண்றதும் எங்க லைன் வீட்டுல பண்ணதும் ஒண்ணுதான்னு நாப்பத்திமூணு வயசுல ஊட்டியில உக்காந்து கண்டுபிடிக்கிறேன்.

2025, மார்ச் 30

அந்த வயசான அம்மாவைத் தேடினேன். மவ வீட்டுல இருந்து திரும்ப கொளப்பள்ளிக்கே போயிட்டாங்கன்னாங்க, போன் நம்பர் வாங்கிப் பேசினேன். அப்பாயி போயி பதினெட்டு வருஷம் ஆச்சு, எனக்கு அடை வைக்கத் தெரியாது, சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "அடுப்பு இருக்கா?" கேஸ் அடுப்பு ஆகாதாம், விறகடுப்பு இருக்கிற வீடா பாக்கணுமாம், ஊட்டிக் குளிருக்குக் கோழி சூடு மட்டும் பத்தாது. என் வகுப்புல படிக்கிற ஒரு பொண்ணோட பாட்டி காந்தல்ல கோழி வளக்கிறாங்க, தண்ணி காய வைக்க இன்னும் விறகுதான், அங்க வைக்கிறதுன்னு ஆச்சு.

2025 சாம்பல் புதனுக்கு முன்னாடியே வகுப்புல சொல்லிட்டேன், இந்தத் தவக்காலம் முடிஞ்ச பிள்ளைங்க முட்டையை விடுங்க, அந்தக் காசையோ முட்டையையோ யாருக்காவது குடுங்க, யாருக்குன்னு எங்கிட்ட சொல்ல வேணாம். இருபத்திரெண்டு பேர்ல பதினாலு பேரு விட்டாங்க. ரெண்டு அம்மாங்க வந்து, வளர்ற பிள்ளைக்கு முட்டை வேணாம்னு சொல்லலாமான்னு வருத்தப்பட்டாங்க, அவங்க சொல்றதும் சரிதான், அந்தப் பிள்ளைங்க மிட்டாயை விட்டாங்க. நாலாவது ஞாயிறு மார்ச் 30, சாமியார் ரோஸ் உடுப்பு, சாயங்காலம் பிள்ளைங்க எல்லாரும் காந்தல்ல அந்தச் சமையக்கட்டுல நெருக்கிக்கிட்டு நின்னாங்க. பதினொரு முட்டை. கடை முட்டை குஞ்சு பொரிக்காது, சேவல் கூட இருக்கிற நாட்டுக்கோழி முட்டையா இருக்கணும்னு சொன்னதும் ஒரு பையன் ரொம்ப நேரம் யோசிச்சான், நாம தினம் திங்கறதுல உயிரே இருக்காதா மிஸ்னு கேட்டான். ஆணி, கரி, மிளகா எல்லாம் போட்டாச்சு. ஆளுக்கொரு கோடா கரிச்சிலுவை போட்டாங்க, ஒண்ணு ரெண்டு கோணலா விழுந்துச்சு, அந்த வீட்டுப் பாட்டி ஒண்ணும் சொல்லல.

அந்த வருஷம் இன்னொண்ணும் நடந்துச்சு. கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் காலண்டர்படி கணக்குப் போடுறதால நம்ம ஈஸ்டரும் அவங்க ஈஸ்டரும் பெரும்பாலும் வேற வேற நாள்ல வரும். 2024ல நமக்கு மார்ச் 31, அவங்களுக்கு மே 5. 2025ல ரெண்டும் ஏப்ரல் 20. நைசியா கூடி 1700 வருஷம் ஆன அதே வருஷம். அந்த எத்தியோப்பியப் பாட்டியும் எங்க பிள்ளைங்களும் ஒரே ராத்திரியில காத்துக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு நெனைக்க எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

பெரிய சனிக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி திரும்பவும் காந்தல் போனோம். ஊர் முழுக்க டூரிஸ்ட் வண்டி, ஹார்ன் சத்தம், ஏற்றத்துல நடந்தே போனோம், ரோட்டோரம் ஜகரண்டா பூ கொட்டிக் கெடந்துச்சு. அந்தப் பாட்டி கோழிக்கு அடியில கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து ஒரு பிள்ளையோட காதுகிட்ட வச்சாங்க. அவன் கண்ணு அப்படியே விரிஞ்சுது. உள்ள டிக் டிக்னு கொத்துற சத்தம், நடுவுல மெல்லிசா ஒரு கீச். எங்க அப்பாயி இதே மாதிரி என் காதுல வச்சுட்டு, "உள்ள முழிச்சிருச்சு"ன்னு சொல்லும். பதினாலு பேரும் வரிசையில நின்னு கேட்டாங்க. ஓட்டுல விரிசல் விட்டிருந்த ஒரு முட்டையைப் பாத்து, நாம கொஞ்சம் பிச்சு விட்டா சீக்கிரம் வந்துரும்லன்னு ஒருத்தி கேட்டா. தொடாத கண்ணு, நாம உடைச்சா ரத்தம் வந்து செத்துரும், அது தானா வரணும்னாங்க பாட்டி. கடைசியா ஒரு சின்னப் பொண்ணு, ரெண்டாங்கிளாஸ், அவ கைக்கு வந்த முட்டை சத்தமே போடல. ரொம்ப நேரம் காதுல வச்சுக்கிட்டே நின்னா. தூங்குது போல மிஸ்னு சொல்லித் திருப்பிக் குடுத்தா. நான் கொளப்பள்ளிக்குப் போன் போட்டு, சத்தம் போடுற ஒரு முட்டைகிட்ட போனை வச்சுப் பிடிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம், "ம்ம், கேக்குதும்மா"ன்னாங்க.

ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் இளைஞர் குழுப் பசங்க எக் ஹண்ட் வச்சாங்க. நானே போயி அவங்ககிட்ட போன வருஷம் நான் பேசினது தப்புன்னு சொல்லிக் கேட்டுக்கிட்டேன். சாக்லேட் முட்டையும் இருந்துச்சு, கூடவே அவிச்ச முட்டை, கரியால சிலுவை போட்டது. ஹைட்ரேஞ்சாவுக்கு அடியில பனி ஈரம், கரி கரைஞ்சு பிள்ளைங்க கையெல்லாம் கறுப்பு, புது வெள்ளை டிரெஸ்ல பூரா கறுப்பு விரல் தடம், அம்மாங்க சத்தம் போட்டுக்கிட்டே தொடைச்சு விட்டாங்க. முட்டையை விட்ட பதினாலு பேரும் தனியா ஒரு பக்கம் உக்காந்து, நான் கொண்டு போன தையல் நூலால அறுத்துப் பங்கு போட்டுத் தின்னாங்க. ஒருத்தன் மஞ்சக்கருவை மட்டும் கடைசிக்கு வச்சிருந்தான்.

குஞ்சு பொரியறது ஞாயிறு மதியம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் போச்சாம். திங்கக்கிழமை போனப்ப கோழி எந்திரிச்சு குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு முத்தத்துல நொய் பொறுக்குது, எட்டு குஞ்சு. கூடையில மூணு முட்டை மிச்சம். அந்த ரெண்டாங்கிளாஸ் பொண்ணு அவளோட முட்டையை அடையாளம் கண்டுபிடிச்சா, அந்தக் கோணல் சிலுவை அவ போட்டது, எடுத்துத் திரும்பக் காதுல வச்சுப் பாத்தா. அப்புறம் அவளே கூடையில வச்சுட்டா. அன்னிக்கு மதியம்தான் ரோம்ல போப் பிரான்சிஸ் இறந்துட்டாருன்னு செய்தி வந்துச்சு, முந்தின நாள் சக்கர நாற்காலியில பால்கனிக்கு வந்து ஆசீர் குடுத்தவரு. கோயில் மணி அடிச்சுது, துக்க மணி. அந்த மூணு முட்டையையும் பிள்ளைங்க வேலியோரம் குழி தோண்டிப் புதைச்சாங்க.

சாயங்காலம் கொளப்பள்ளிக்குப் போன் பண்ணி, எட்டு வந்துச்சும்மா, மூணு கூமுட்டைன்னு சொன்னேன். "எட்டா? குளுருக்கு அது பரவால்லம்மா. எங்கம்மா காலத்துல பதினொண்ணுக்கு ஒம்போது, பத்து வரும். அடுத்த வருசம் கூடையை அடுப்புக்கு இன்னும் கிட்டக்க வையி. சாம்பலும் பத்தாம இருந்திருக்கும், ஒரு கை கூடவே போடு"ன்னாங்க.